தையல்கடை பெல்ட்டில் ஓடிய போடி ரயில்

நேற்று சாயங்காலம் தேனி மண்டபத்தில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள். மதுரை–போடி வண்டி முதலான பழைய ரயில் படங்களைக் காட்ட நாங்கள் கூட்டிய கூட்டத்தில், புரொஜக்டர் ஓடாமல் நின்ற அந்த நாற்பது நிமிஷத்தைத் திரும்ப விவரிக்க எனக்குத் தெம்பில்லை, நினைத்தாலே இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது. நன்றி சொல்லிவிட்டுத்தான் படுப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி, மண்டபத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

புரொஜக்டரைத் திறந்து பார்த்தால் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக் கிடந்தது. பழைய ரப்பர், வேறு எப்படி இருக்கும். பணம் கட்டும் ரப்பர் பேண்டு, சைக்கிள் டியூபில் வெட்டிய கீற்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, இனி சபையைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான் என்று வெளியே படியில் வந்து நின்றேன். எதிர்க்கடையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்கும் அந்தச் சின்ன வட்ட பெல்ட் அப்போதுதான் கண்ணில் பட்டது. கேட்கவே கூச்சம், ஏனென்றால் அக்காவின் மடியில் ஒரு பட்டு ரவிக்கை, ஒரு கை வைத்து மறு கை வைக்காமல், காலையில் முகூர்த்தமாம்.

"என்ன படம் தம்பி?"

"நம்ம போடி ரயில்தான்க்கா. பழசு, கரி இன்ஜின்."

அவ்வளவுதான் பேச்சு. மிஷினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, முந்தானையில் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வழுக்கும் என்று துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து அதன் மேல் சுற்றித் தேய்த்தும் கொடுத்தார். நாங்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் என்ஜினியர், எங்களுக்கு அது தோன்றவில்லை. "பத்து மணிக்குள்ள குடுத்துருங்க" என்றார். பத்தரைக்குத்தான் கொடுத்தோம்.

கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், அக்கா பழைய தோல் பெல்ட்டை மாட்டிக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி தாங்காமல்தான் போன வருஷம் மோட்டாரே வைத்தாராம், பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலைப் பார்த்தேன், கொலுசுக்கு மேல் வீங்கியிருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் காசு நீட்டிவிட்டேன், அது தப்பு. "படம் ஓடுச்சா, அதைச் சொல்லுங்க" என்று நூலைப் பல்லால் கடித்தார்.

ஓடியது அக்கா. பெல்ட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததால் படம் மெதுவாகத்தான் நகர்ந்தது. "வேகமெல்லாம் சரியாத்தான் இருக்கு, போடி வண்டி அப்படித்தான் வரும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வர, மண்டபமே சிரித்தது. அந்த மெதுவில் ஒரு நன்மையும் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க, ஓடுகிற இன்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு அதைக் கொத்திக்கொண்டு போகும் காட்சி, சாதாரண வேகத்தில் கண்ணிமைப்பதற்குள் போய்விடும். நேற்று அந்த விரல் மடங்குவதுகூடத் தெரிந்தது. வளையத்தின் பையில் இருக்கும் உருண்டை கைக்கு வராமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கக் கூடாது, ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஐயா.

அவருக்கும் பெரிய கும்பிடு. இருட்டில் ஜனம் எழுந்து போகாமல் பிடித்து வைத்தவர் அவர்தான். மைக் இல்லாமல், கையை ஆட்டி ஆட்டி: "1928ல போட்ட பாதைங்க இது. உலகப்போர் சமயத்துல தண்டவாளத்தையே பேத்துட்டுப் போனான். பத்து வருஷத்துக்கு மேல கழிச்சுத் திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியில அகலப்பாதைக்காக மறுபடி மூடுனாங்க. தேனிக்கு வண்டி வர 2022 மே ஆச்சு, போடிக்கு 2023 ஜூன். இது நின்னு நின்னு ஓடுற பாதை, உக்காருங்க, படமும் ஓடும்." உட்கார்ந்தார்கள்.

அப்புறம், தன் அப்பா எடுத்த ரீல்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த நண்பர், வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளி உப்பு வண்டியின் வீடியோ கேசட்டைத் திருத்துறைப்பூண்டியிலிருந்து அனுப்பியவர், கூடுதல் நேரத்துக்கு வாடகை கேட்காத மண்டபத்துக்காரர், சுக்குக் காபி போட்ட பெண்கள், நாற்காலி அடுக்கிய பாலிடெக்னிக் பையன்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்ததும் காடி வாசனை, வினிகர் மாதிரி, குப்பென்று அடித்தது. பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அந்த வாசனை வந்த பிறகு சரிப்படுத்த முடியாது, பிரதி எடுத்துக்கொள்ளத்தான் முடியும். அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம் என்று தள்ளிப்போட்டதில் நானும் கூட்டாளி. வரும் தீபாவளிக்குள் எல்லா ரீலையும் ஸ்கேன் செய்து முடிப்பேன். அதற்கு முன்னால் எந்தப் புரொஜக்டரிலும் அவற்றை ஏற்ற மாட்டேன், யார் கேட்டாலும்.

கிளம்பும்போது அக்கா கேட்டார், படத்தில் ஆண்டிபட்டி ஸ்டேஷன் வந்ததா என்று. அங்கேதான் பிறந்தாராம். எங்களிடம் இருப்பது அரை நிமிஷம், அதுவும் பிளாட்பாரம் தெரியாத பக்கத்திலிருந்து எடுத்தது. 2010க்கு முந்தைய ஆண்டிபட்டி ஸ்டேஷன் யார் வீட்டு ஆல்பத்திலாவது, கல்யாண வீடியோவின் ஓரத்திலாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அக்காவின் கடையிலேயே சுவரில் போட்டுக் காட்ட வேண்டும்.