வாங்குவதற்கு முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மீனாவுக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. யாழினிக்கு இனி வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவெடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பட்டியல்தான் மலைக்க வைக்கிறது. ஒரு வருடத்துக்கான முழுப் பாடப்பெட்டி, லேமினேஷன் மெஷின், ஆப்களுக்கு மாதச் சந்தா, மர எழுத்துகள், சுவர் வரைபடங்கள், மைக்ராஸ்கோப். இனி ஒரே சம்பளத்தில் குடும்பம் நடக்கப்போகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்ததும் எதையாவது விட்டுவிடுவோமோ என்ற பயம் எந்தப் பெற்றோருக்கும் வரும். கடைக்காரர்களுக்கும் அந்தப் பயம் நன்றாகத் தெரியும். நூலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நன்கொடையாக வந்து குவிந்த கட்டுகளில், ஒரு பக்கம்கூட எழுதாத பயிற்சி நூல்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் அந்தப் பயத்தில் வாங்கியவை.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதல் மாதம் எதையும் வாங்காதே. பிள்ளையைக் கவனி. எது தேவை என்று அவள் காட்டட்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வீட்டுக்கல்விக்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில நாடுகளில் அனுமதியே கிடையாது. சில இடங்களில் பதிவு செய்தால் போதும். வேறு சில இடங்களில் என்னென்ன பாடங்கள் நடத்த வேண்டும், ஆண்டு முடிவில் எதைக் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார்கள். நீ இருக்கும் இடத்தின் விதியை மூலத்திலேயே படித்துவிடு. அதில் கேட்காத ஒன்றை, கேட்பார்களோ என்று நினைத்து வாங்க வேண்டாம். பல அரசுகள் தங்கள் பாடத்திட்டத்தையும் பாடநூல்களையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்த வயதில் எதுவரை என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்.

இப்போது அந்தப் பாடப்பெட்டி. அதன் மேல் ஒரு வகுப்பின் எண் போட்டிருக்கும். ஆனால் எந்தப் பிள்ளையும் எல்லாப் பாடத்திலும் ஒரே வகுப்பில் இருப்பதில்லை. யாழினி வாசிப்பில் தன் வயதைத் தாண்டிவிட்டாள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள் என்று நீதான் எழுதினாய். ஒரே பெட்டியை வாங்கினால் வாசிப்பு அவளுக்குச் சலிக்கும், கணக்கு மிரட்டும். பாடத்திட்டம் விற்கும் பதிப்பகங்கள் பலவும் மாதிரிப் பாடங்களையும், எந்த நிலையில் தொடங்கலாம் என்று பார்க்கும் தேர்வுகளையும் இலவசமாகவே தருகின்றன. இரண்டையும் எடுத்து அவளோடு உட்கார்ந்து பார். ஒரு வாரம் மாதிரிப் பாடத்தோடு ஓட்டினாலே அந்த நூல் அவளுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

அந்தக் கழித்தல் கணக்குக்கும் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கைப்பிடி ஈர்க்குச்சிகளும் சில ரப்பர் பேண்டும் போதும். பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுப் போடுவதை அவளே செய்யட்டும். நீ கட்டிக் கொடுக்காதே, அந்த எண்ணும் வேலைதான் பாடம். 42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும் என்று வை. நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவள் முன்னால் இருக்கும். ஏழு குச்சி கொடு என்று கேள். கையில் இரண்டுதான் இருக்கிறது. சொல்லிக்கொடுக்காமல் காத்திரு. கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு கட்டைப் பிரிப்பாள். இப்போது உதிரி பன்னிரண்டு. ஏழு போனால் ஐந்து. கட்டு மூன்றில் ஒன்று போனால் இரண்டு. விடை 25. பள்ளியில் ‘கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்தது அவளுக்கு ஏன் புரியாமல் போனது என்பது அந்தக் கட்டைப் பிரிக்கும்போது உனக்கே தெரியும். அந்தப் பத்து யாரிடமும் கடன் வாங்கியதில்லை, அது அவளுடைய பத்துதான், கட்டியிருந்ததைப் பிரித்தாள், அவ்வளவுதான்.

கூட்டல், பெருக்கல், பின்னம் எல்லாவற்றுக்கும் பயன்படும் இன்னொரு பொருள் உண்டு. பெல்ஜியத்தில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குய்சனேர் உருவாக்கிய வண்ணக் கோல்கள். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம், நீளத்துக்கு ஒரு நிறம். ஒன்று வெள்ளை, இரண்டு சிவப்பு, ஐந்து மஞ்சள், பத்து ஆரஞ்சு என்று போகும். மரக்கோல்கள் கைக்கு அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிராஃப் தாளை அட்டையில் ஒட்டி, 1 செ.மீ. அகலத்தில் கீற்றுகளாக நறுக்கி நிறம் தீட்டினால் அதே வேலையைச் செய்யும். ஒரு மஞ்சளும் இன்னொரு மஞ்சளும் சேர்ந்தால் ஓர் ஆரஞ்சு என்பதை அவள் கண்ணால் பார்ப்பாள்.

மர எழுத்துகளும் அப்படித்தான். மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில்தான் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய முறையில் எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து எழுதும் திசையிலேயே தடவிப் பார்க்கும். நைஸான உப்புத்தாள், கெட்டி அட்டை, பசை இருந்தால் நீயே செய்யலாம். வெட்டும்போது ஒன்றைக் கவனி: எழுத்தைத் தாளின் பின்பக்கத்தில் வரைவதாக இருந்தால் இடவலம் மாற்றி வரைய வேண்டும். யாழினிக்குத் தமிழ் எழுத்துகளில் ‘ண’வும் ‘ன’வும்தான் குழப்பம் என்றால் அந்த இரண்டை மட்டும் செய். முழு நெடுங்கணக்கும் செய்யத் தேவையில்லை.

அறிவியலுக்குத் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும் என்று 1970-களிலேயே செய்து காட்டியவர் அரவிந்த் குப்தா. குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, டியூபைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி மூட்டாக வைத்துக் கோக்க வேண்டும். மூன்று குச்சியைக் கோத்தால் முக்கோணம். அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சியைக் கோத்தால் சதுரம். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே கொஞ்சம் நீளமான ஒரு முட்டுக் குச்சி கொடுத்தால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். இதைச் செய்தபின் பாலங்களையும் மின்கோபுரங்களையும் அவளுக்குக் காட்டு, முக்கோணம் எங்கே என்று அவளே தேடுவாள். செலவில்லாமல் செய்யும் இத்தகைய பொம்மைகளையும் நிறைய புத்தகங்களையும் அவர் தன் இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார். மைக்ராஸ்கோப் வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப்பைப் பார். காகிதத்தை மடித்துச் செய்வது, 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அவளே மடித்துச் செய்த கருவி என்றால் அதை எடுத்துப் பார்க்கும் ஆசையும் கூடும்.

நூலகத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவேன் என்று உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள். உறுப்பினர் அட்டை வாங்கியதும் நூலகரிடம் போய், வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல். சில நூலகங்கள் ஆசிரியர்களுக்குக் கொடுப்பதுபோல் கூடுதல் நூல்களும் கூடுதல் நாட்களும் தரும். இல்லாத நூலை வேறு கிளையிலிருந்து வரவழைக்க முடியுமா என்று கேள். கழித்துக்கட்டும் நூல்களை எப்போது விற்பார்கள் என்றும் கேட்டு வை, அது பலருக்கும் தெரியாது. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் டியூயி எண்களை யாழினிக்குப் பழக்கிவிடு. 1876-லிருந்து புழக்கத்தில் இருக்கும் முறை, உலகில் ஏராளமான நூலகங்கள் இன்றும் அதன்படிதான் அடுக்குகின்றன. நாட்டுப்புறக் கதைகள் 398.2, வானியல் 520, டைனோசர் 567.9. ஒரு சின்ன நோட்டில் தனக்குப் பிடித்த எண்களை அவளே எழுதி வைத்துக்கொண்டால், நீ கூடப் போகாமலே அந்த அலமாரிக்கு நேராகப் போய் நிற்பாள். ஒரு பாடத்துக்கு ஒரே நூல் என்று இல்லாமல் ஐந்தாறை அள்ளி வந்து பரப்பி வை. எதைத் திறக்கிறாள், எதை மூடிவிடுகிறாள் என்று பார். முதல் மாதம் கவனி என்று நான் சொன்னதன் பெரும்பகுதி இதுதான்.

பழைய புத்தகம் வாங்கும்போது எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கணக்கும் இலக்கணமும் கதையும் பழசாவதில்லை. அகராதியும் பெரிதாகக் கெடாது. வரைபட நூலும் அறிவியலும் பழசாகும். அட்லஸை எடுத்ததும் ஆப்பிரிக்கப் பக்கத்தைத் திறந்து தெற்கு சூடான் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் அது 2011-க்கு முந்தையது. வானியல் நூலில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருந்தால் 2006-க்கு முந்தையது. கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு அந்தப் பழைய அட்லஸே ஒரு பாடமாகும், புதியதோடு வைத்து ஒப்பிடலாம். யாழினிக்கு இப்போது வேண்டாம். பயிற்சி நூல் என்றால் உள்ளே பேனாவால் எழுதியிருக்கிறதா, விடைத்தொகுதி தனி நூலா, அது கூடவே வருகிறதா என்று கேட்டபிறகு பணம் கொடு. பாடநூலும் விடைநூலும் வேறு வேறு பதிப்பாக இருந்தால் பக்க எண்கள் ஒத்துவராது.

இணையத்தில் கிடைப்பதற்குக் குறைவில்லை. 2008 முதல் லாப நோக்கமில்லாமல் நடக்கும் கான் அகாடமியில் கணக்கு அடிப்படையிலிருந்து இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் இயற்பியல், வேதியியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம், 2001-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அடுத்த ஆண்டு தொடங்கியது அது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இருக்கின்றன. எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதால் அச்செடுத்துக்கொள்வதில் தவறில்லை. கேட்டுப் பழக லிப்ரிவாக்ஸ் தளத்தின் இலவச ஒலிநூல்கள், வாசிக்க குட்டன்பர்க் தளத்தின் இலவச மின்னூல்கள். இதில் ஒன்றை அல்லது இரண்டை மட்டும் எடுத்துக்கொள். எல்லாவற்றையும் புக்மார்க் செய்து வைப்பதும் ஒருவிதத்தில் வாங்கிக் குவிப்பதுதான்.

இலவசப் பயிற்சித்தாள்கள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. தாள் இலவசம், மை இலவசமில்லை. முழுப்பக்க வண்ணப்படம் போட்ட பயிற்சித்தாள்களை நாள்தோறும் அச்செடுத்தால், நல்ல பயிற்சி நூல் ஒன்றை வாங்குவதைவிடச் செலவு கூடிவிடும். கறுப்பு வெள்ளையில், ஒரு தாளில் இரண்டு பக்கமாக எடு. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதித் துடைத்துவிடலாம். லேமினேஷன் மெஷினுக்கு அதோடு வேலை தீர்ந்தது. வாங்கிய பயிற்சி நூலை நகலெடுக்கும் முன் அதன் முதல் பக்கங்களைப் படி. ஒரே குடும்பத்துக்குள் நகலெடுக்கலாம் என்று சிலர் அனுமதி கொடுத்திருப்பார்கள், சிலர் கொடுப்பதில்லை. கொடுக்காததை நகலெடுக்காதே. எழுதியவருக்கும் வயிறு இருக்கிறது.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடமும் உண்டு. மலிவான கத்தரிக்கோலும் உடையும் பென்சிலும் பிள்ளையின் ஆர்வத்தைக் கொன்றுவிடும், அவற்றில் நல்லதையே வாங்கு. மை ஊறாத கெட்டித்தாள் நோட்டு ஒன்று வாங்கு, பார்த்த செடியையும் பூச்சியையும் அதில் வரையட்டும். இங்கிலாந்தில் நூறாண்டுகளுக்கு முன்பே சார்லட் மேசன் என்ற ஆசிரியை இந்த இயற்கைக் குறிப்பேட்டைத் தன் கல்விமுறையின் பகுதியாக வைத்திருந்தார். வாசித்ததைக் குழந்தை தன் சொல்லில் திருப்பிச் சொல்வதும் அவர் முறைதான். அதற்கு ஒரு பொருளும் வேண்டாம், காது கொடுக்க ஆள் இருந்தால் போதும். அப்புறம் ஒரு பூகோள உருண்டை. சில சுவர் வரைபடங்களில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் பதினான்கு மடங்கு. உருண்டையில் இந்தப் பிழை இல்லை. அதனால் வரைபடங்களை விட்டுவிட்டு உருண்டையை வாங்கு.

உன்னைப்போல் வீட்டில் கற்பிக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் பக்கத்தில் கிடைத்தால் விலை கூடிய பொருள்களை எல்லோரும் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். யார் வீட்டில் எது இருக்கிறது என்று எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மனக்கசப்பு வரும்.

பாடப்பெட்டிக்கு ஆர்டர் போட்டிருந்தால் உடனே ரத்துசெய்ய முடியுமா என்று பார். பட்டியலில் மற்றவற்றை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது யாழினியிடம் ஃபோனைக் கொடு. இப்போது எதைப் பற்றி ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும். அதற்குப் பொருத்தமான புத்தகங்களைத் தேடி எடுத்து வைக்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா