பீடச் சுவரில் யாருடைய முகம்? கொழும்புப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சுவாமிமாருக்கும் பங்குப் பேரவை அங்கத்தவர்களுக்கும்,

கோயில் திருத்த வேலை தொடங்கியதும் பீடத்துக்குப் பின்னால் என்ன படம் வரைவது என்ற பேச்சு வரும். யாராவது போனில் ஒரு படத்தைக் காட்டுவார், இதையே பெரிதாக அடிப்போம் என்பார், எல்லோரும் சரி என்பார்கள். அதே வெள்ளைத் தோல், அதே பொன்னிற முடி. இந்த முறையாவது அப்படி அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்.

இயேசு கலிலேயாவில் வளர்ந்த யூதர். நம் வீடுகளில் விளக்கேற்றி வைத்திருக்கும் திரு இருதயப் படங்களில் பல, 18ஆம் நூற்றாண்டில் ரோமில் பொம்பேயோ பத்தோனி வரைந்த படத்தைப் பார்த்து வந்தவை. உலகம் முழுக்கப் பரவிய இன்னொரு முகம் 1940இல் சிக்காகோ ஓவியர் வார்னர் சால்மன் வரைந்தது, அது கோடிக்கணக்கில் அச்சானது. அவரவர் தமக்குத் தெரிந்த முகத்தை வரைந்தார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அச்சுக்கூடம் பரப்பிய முகத்தை நாம் விசுவாசத்தின் பகுதியாகவே ஆக்கிவிட்டோம்.

இதன் விளைவை, இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு மேடையில் பாருங்கள். இயேசுவாக நடிக்க வெளுத்த பையனைத் தேடுகிறார்கள், அவனுக்கும் மேலே பவுடர் பூசுகிறார்கள். கறுத்த பையன்களுக்குச் சாட்டை பிடித்த சேவகர் வேடம். ஐரோப்பாவில் இருந்து ஆண்ட ரோமையரின் படைக்குக் கறுப்பு நிறம், ஆசியாவில் பிறந்தவருக்கு வெள்ளை நிறம்! இதைப் பார்த்து வளரும் பிள்ளை தன் தோலைப் பற்றி என்ன நினைக்கும்? எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

நம் நாட்டில் வேறு வழி இல்லாமலும் இல்லை. ஆங்கிலத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த ஓவியர் டேவிட் பெய்ன்ரர், கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் நற்செய்திக் காட்சிகளை இந்த மண்ணின் மனிதர்களோடு வரைந்தார். 1968இல் கல்கிசை புனித தோமையார் கல்லூரிச் சிற்றாலயத்தில் அவர் வரைந்த, மலையில் இயேசு ஒளிமயமாக மாறும் உருமாற்றக் காட்சியில் கிறிஸ்துவுக்குத் தாடியே இல்லை. அவை அங்கிலிக்கன் ஆலயங்கள்தானே, நம் கத்தோலிக்கக் கோயில்கள் இல்லையே என்பீர்கள். சரி, களனியில் இயேசு சபை அருட்தந்தை அலோசியஸ் பீரிஸ் நிறுவிய துலானா ஆய்வு நிலையத்துக்குப் போங்கள், பௌத்தக் கலைஞர்கள் செய்த கிறிஸ்துவை அங்கே காணலாம். எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதாகத் திருச்சபை கொள்ளவில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே எழுதி வைத்துவிட்டது.

அடுத்தது பிதாவாகிய கடவுளின் படம். இயேசு ஆணாகப் பிறந்தார், அதை யாரும் மறுக்கவில்லை. பிதாவையும் வெண்தாடிக் கிழவராக மட்டுமே வரைவானேன்? தாய் தேற்றுவதுபோல் உங்களைத் தேற்றுவேன் என்று கடவுள் சொல்வதாக எசாயா 66இல் இருக்கிறது. கடவுள் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 239ஆம் எண்ணில் நேராகச் சொல்கிறது. பக்கத்துத் தெருச் சிவன் கோயிலில் அம்மையப்பனைக் கும்பிடும் சனங்களோடு தலைமுறையாக வாழும் நமக்கு இது விளங்காத விஷயமா? தாயின் மடியை, பிள்ளையைத் தூக்கும் கைகளை ஒரு ஓவியர் பிதாவின் அன்புக்கு வரைந்தால் அதைப் பார்க்காமலே தள்ளிவிடாதீர்கள்.

சனம் கோபப்படும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. சிற்பி எட்வினா சாண்டிஸ் சிலுவையில் ஒரு பெண்ணை வடித்த சிற்பம் 1984இல் நியூயோர்க் பேராலயம் ஒன்றில் வைக்கப்பட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுக்கப்பட்டது, 2016இல்தான் திரும்ப அங்கே வந்தது. அவ்வளவு தூரம் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. பழைய சுரூபங்களை அகற்றவும் கேட்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் கட்டுவாப்பிட்டிக் கோயிலில் இரத்தம் தெறித்த இயேசு சுரூபத்தின் முன் நின்று அழுதவர்களிடம், அது ஐரோப்பிய முகம் என்று யாராவது பேசினால் நானே சண்டைக்குப் போவேன். அவை இருக்கட்டும். நான் பேசுவது புதிதாக வரையப்போகும் சுவரைப் பற்றி மட்டும்.

ஆகவே ஓடர் கொடுக்க முன், இங்கே ஓவியம் படித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு மாதிரிப் படங்கள் கேளுங்கள், பெண்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். வந்தவற்றை ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் வையுங்கள். தமிழ்ப் பூசைக்கு வருபவர்களும் சிங்களப் பூசைக்கு வருபவர்களும் பார்த்துத் தங்கள் கருத்தைச் சொல்லட்டும். மறைக்கல்விப் பிள்ளைகளையும் மறக்காமல் கேளுங்கள், அந்தச் சுவரை நம்மைவிட அதிக காலம் பார்க்கப்போவது அவர்கள்தான்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பங்கு உறுப்பினர்