உடைந்த ஊசியை ஏன் மறைக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவர்கள் பத்து நாள்கூட நிற்பதில்லை என்று நிர்வாகத்தினர் குறைப்படுகிறார்கள். கை வேகம் போதவில்லை என்பார்கள். பல நேரம் அங்கே தடுப்பது பயம்.

துணியின் ஓரத்தை வெட்டிப் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மிஷின் நிமிடத்துக்கு 6,000 தையல் வரை ஓடும். முதல் நாளே அந்த வேகத்தில் உட்காரவைத்தால், பழகாதவர் பதறித் துணியைப் பின்னாலிருந்து இழுப்பார். மிஷினின் பல் தள்ள வேண்டிய துணியைக் கை இழுத்தால் ஊசி வளைந்து, நூலைப் பின்னும் கொக்கியான லூப்பரில் தட்டி உடையும்.

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. மிஷினை நிறுத்தி, ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி, உடைந்த ஊசிகளுக்கான பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டு முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் பார்க்க வேண்டும். லைன் (மிஷின் வரிசை) முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டு விழும் என்று தெரிந்த பெண் என்ன செய்வாள்? துண்டைக் காலால் தள்ளிவிட்டு, பக்கத்து மிஷின் அக்காவிடம் ரகசியமாக ஊசி வாங்கிக்கொள்வாள். கிடைக்காத அந்த முனை ஏதோ ஒரு குழந்தையின் சட்டைத் தையலுக்குள் போய்ச் சேரும்.

1940-களில் அமெரிக்கப் போர்க்கால ஆலைகளுக்கு வகுத்த நான்கு படிப் பயிற்சி முறையில், கற்பவரின் பதற்றத்தைத் தணிப்பது முதல் படியிலேயே வருகிறது. நம் லைன்களில் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

நூலும் துணியும் இல்லாமல், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸர் ஃபுட்டைத் தூக்கிவைத்துப் பெடல் மட்டும் பழகட்டும். பிறகு கழிவுத் துணி. சர்வோ மோட்டார் இருந்தால் வேகத்தை 2,000-க்குள் கட்டிவைக்கலாம். ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை, மறுபடி கேட்டால் கோபிப்பாரோ என்று தலையாட்டிவிடுவார்கள். நூலை உருவிவிட்டு, லூப்பர்களில் முதலிலும் ஊசிகளில் கடைசியிலும் அவர்களையே கோக்கச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ராத்திரி போன் வந்திருந்தால், காலையில் கை தடுமாறத்தான் செய்யும். அன்று புது ஆபரேஷன் (தையல் வேலை) வேண்டாம். பழகிய சைடு ஜாயின்ட்டே (பக்கவாட்டுத் தையல்) கொடுங்கள்.

முதல் நாளிலேயே உடைந்த ஊசி ஒன்றைக் கையில் கொடுத்து, அவரையே பதிவேட்டில் ஒட்டச் செய்யுங்கள். புதியவர்கள் நிறைந்த லைனில் ஒரு மாதமாகப் பதிவேடு காலியாக இருந்தால் நிர்வாகம் மகிழக் கூடாது, விசாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டி யாருடைய சம்பளத்திலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்று முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

– பின்னலாடைத் தையல் பயிற்றுநர்கள் சிலர், திருப்பூர்