அந்தாட்டிக்கா பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு

ஸ்கொட் தளம்,
றொஸ் தீவு,
மார்கழி மாதம்.

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் பிள்ளைகளும் சின்னம்மாவும் நலமாக இருக்க நல்லூரான் துணை நிற்பான். அக்காவின் கடிதத்தில் இருந்த கேள்விகள் ஒருவருடையவை அல்ல என்பது வாசிக்கும்போதே விளங்கியது. அத்தானும் மருமகளும் கேட்டவற்றோடு, அயலட்டையில் உள்ளவர்கள் படலையில் நின்று கேட்டவையும் சேர்ந்திருக்கின்றன. தொலைபேசியில் சொன்னால் பாதி விடுபட்டுப் போகும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இதை எழுதுகிறேன். கேட்ட ஒழுங்கில் இல்லாவிட்டாலும் குறை நினைக்க வேண்டாம்.

இந்த நாட்டில் எனக்கு நிரந்தர வதிவிட உரிமை எப்போது கிடைக்கும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட எவரைப் பற்றியும் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். ஆனால் அந்தாட்டிக்காவைப் பொறுத்தவரை அதற்கு இடமே இல்லை, ஏனெனில் இது ஒரு நாடு அல்ல. இங்கே அரசாங்கம் இல்லை, குடியுரிமை இல்லை, விசா வழங்கும் அலுவலகமும் இல்லை. என் கடவுச்சீட்டு நியூசிலாந்துடையது, என் வீடு கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கிறது, இங்கே நியூசிலாந்தின் ஆய்வுத் தளத்துக்குக் கோடைகாலத்துக்கு மாத்திரம் மின்னியலாளராக வந்திருக்கிறேன். கண்டம் முழுவதும் எவரும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. கோடையில் ஏறத்தாழ 5,000 பேரும் குளிர்காலத்தில் ஏறத்தாழ 1,000 பேரும் வெவ்வேறு நாடுகளின் ஆய்வுத் தளங்களில் வேலைக்காகத் தங்கியிருக்கிறார்கள். வேலை முடிந்தால் போய்விட வேண்டியதுதான்.

அப்படியானால் காணி யாருடையது என்ற அத்தானின் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத எனக்கே ஆசை. ஆர்ஜென்டீனா, அவுஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நோர்வே, பிரித்தானியா ஆகிய ஏழு நாடுகள் இங்கே ஒவ்வொரு பகுதிக்கு உரிமை கோருகின்றன. அவற்றுள் ஆர்ஜென்டீனாவும் சிலியும் பிரித்தானியாவும் கோரும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. அதேவேளை மேற்கே ஒரு பெரும் நிலப்பரப்பை இதுவரை எவருமே கோரவில்லை. நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதிகளோடு காலம் கழித்த உங்களுக்கு இது வேலி எல்லைக்காக மூன்று தலைமுறை வழக்காடிய ஊர்க் குடும்பங்களை நினைவூட்டும். ஆனால் இங்கே வழக்கு நடக்கவில்லை. 1959ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி வாஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் ஒப்பமிட்டு, 1961இல் நடைமுறைக்கு வந்த அந்தாட்டிக்கா ஒப்பந்தத்தின் நான்காம் உறுப்புரை, பழைய கோரிக்கைகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்வரை புதிய கோரிக்கை எதுவும் எழக்கூடாது என்று மட்டும் கட்டிவைத்திருக்கிறது. தீர்ப்பே சொல்லாமல் ஒரு பிணக்கை இத்தனை ஆண்டுகள் அமைதியாக வைத்திருக்கலாம் என்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே ஒப்பந்தம் இராணுவத் தளங்களையும் ஆயுதப் பரிசோதனைகளையும் அணுக்கழிவு கொட்டுவதையும் தடை செய்கிறது. இராணுவ விமானங்களும் ஆட்களும் ஆய்வுக்குத் துணையாக வரலாம். நாங்கள் கூட அமெரிக்க விமானப்படையின் விமானத்தில்தான் வந்தோம். ஆனால் எந்த நாட்டின் தளத்தையும் மற்ற நாட்டுப் பார்வையாளர்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே சென்று பார்க்கும் உரிமை உண்டு. வலிகாமம் வடக்கில் இராணுவம் எடுத்துக்கொண்ட தன் காணியை முட்கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்த நம் குடும்பத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கனிவளங்களைத் தோண்டுவதில்லையா என்று அயல்வீட்டு அண்ணை கேட்டிருக்கிறார். 1991இல் மட்ரிட் நகரில் கையெழுத்தான சுற்றாடல் உடன்படிக்கை அதைத் தடை செய்திருக்கிறது. 2048இல் அந்தத் தடை காலாவதியாகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்; அது சரியல்ல. அந்த ஆண்டுக்குப் பிறகு மீளாய்வு ஒன்றைக் கேட்கலாம் என்பது மட்டுமே அதில் உள்ளது. தடை தானாக நீங்குவதில்லை.

குளிரைப் பற்றி அக்கா கவலைப்பட்டிருக்கிறா. உலகில் நிலத்தில் வைத்து அளக்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலை இந்தக் கண்டத்தின் உட்பகுதியில், ரஷ்யர்களின் வொஸ்டொக் தளத்தில், 1983 ஜூலை 21ஆம் திகதி பதிவான மறை 89.2 பாகை செல்சியஸ். நாங்கள் இருப்பதோ கரையோரம், அதிலும் கோடைகாலம். பகலில் பல நாட்கள் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. காற்று எழும்பினால்தான் கதை மாறும். உண்மையைச் சொன்னால், கிறைஸ்ட்சேர்ச்சில் ஜூலை மாதத்தில் வாடகை வீட்டுக்குள் நான் பட்ட குளிர் இங்கே கட்டடத்துக்குள் ஒருநாளும் பட்டதில்லை. வெளியே போகும் உடுப்புகளையும் சப்பாத்துகளையும் புறப்படும் முன்பே கிறைஸ்ட்சேர்ச்சில் தந்துவிடுகிறார்கள்.

குளிரை விட எனக்குப் புதிதாக இருந்தது வறட்சி. இவ்வளவு பனி கிடக்கும் இடம் பாலைவனம் என்றால் சின்னம்மா நம்பமாட்டா. ஆனால் தென்துருவத்தை ஒட்டிய உயர்நிலத்தில் ஓராண்டில் விழும் பனியை உருக்கினால் பத்துச் சென்ரிமீற்றர் நீர் கூடத் தேறாது. விழுந்தது உருகாமல் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்ததால்தான் பனிப்படலம் சராசரியாக இரண்டு கிலோமீற்றர் தடிப்பாக நிற்கிறது. காற்றில் ஈரமே இல்லாததால் விரல் நுனிகள் வெடிக்கின்றன, கதவுக் கைபிடியைத் தொட்டால் நிலைமின் பொறி பறக்கிறது. மின்வேலையில் இதனால் வரும் தொல்லை தனி. ஊரில் கிணற்றடி ஈரமண்ணில் ஒரு செப்புக் கோலை அடித்து இறக்கினால், கசியும் மின் மண்ணுக்குள் இறங்கும் புவித்தொடுப்பு கிடைத்துவிடும். இங்கே உறைந்த எரிமலைப் பாறை மின்னைக் கடத்தாது, கோலும் இறங்காது, ஆகவே அமைப்பு முழுவதையும் வேறு விதமாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது. கருவி ஒன்றைக் கழற்றுவதற்கு முன்பு, உடலில் சேர்ந்த நிலைமின்னை உலோகச் சட்டத்தில் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைப்பேன்.

குடிநீருக்குப் பனியை உருக்குவதில்லை. கடல்நீரை எடுத்து உப்பை நீக்கிப் பயன்படுத்துகிறார்கள். தாளையடியில் அமைத்திருக்கும் நிலையம் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். ஆனால் இங்கே ஒவ்வொரு வாளி நீருக்கும் எரிபொருள் செலவாவதால், குளிப்பது மிகச் சுருக்கமாக முடிந்துவிடும். இந்த வறட்சியில் தீயைப் போலப் பயப்படும் பொருள் வேறில்லை. அதனால் அக்கா சொன்னபடி சுவாமிப் படத்துக்கு முன் விளக்கேற்ற முடியவில்லை. விளக்கு வைக்கும் பொழுதும் இல்லை என்பது வேறு கதை. ஒக்டோபர் பிற்பகுதியில் எழும்பிய சூரியன் பெப்ரவரி பிற்பகுதி வரை மறையாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் இறுதியிலிருந்து ஓகஸ்ட் வரை தலைகாட்டாது. நாங்கள் நியூசிலாந்து நேரத்தைப் பிடித்துக்கொண்டு, யன்னலுக்குத் தடித்த திரையைப் போட்டு நித்திரை கொள்கிறோம்.

மருமகள் கேட்ட பனிக்கரடி இங்கே இல்லை. அது வடதுருவத்து மிருகம். முற்றிலும் நிலத்திலேயே வாழும் விலங்குகளில் இந்தக் கண்டத்தில் மிகப் பெரியது, ஒரு சென்ரிமீற்றர் கூட நீளமில்லாத சிறகற்ற ஒரு பூச்சி. அதுவும் இங்கே அல்ல, தென்னமெரிக்காவை நோக்கி நீளும் குடாநாட்டில் வாழ்கிறது. மற்றவை எல்லாம் கடலை நம்பி வாழ்பவை. தளத்துக்கு முன்னால் கடற்பனி, நிலத்திலிருந்து நீண்டு கடலில் மிதக்கும் பனித்தட்டில் மோதி நெரிந்து, நீலப் பாளங்களாக மேலே மடிந்து நிற்கும் இடத்தில், வெடிப்புகள் வழியாக வெடல் சீல்கள் ஏறிவந்து படுத்திருக்கும். அவை மூச்சுக்காக வைத்திருக்கும் துவாரங்களின் ஓரத்தை மேல்வரிசைப் பற்களால் அராவி அராவித் திறந்து வைத்திருப்பதால், வயது போன சீல்களின் பற்கள் முரசு வரை தேய்ந்துவிடுகின்றன. அடேலி பென்குயின் எப்போதாவது ஒன்று தனியாக நடந்து வரும். அருகே போய்ப் படம் எடுக்கக்கூடாது. அது தன் போக்கை மாற்றினாலே நாம் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து விதைத்துவிடக்கூடாது என்பதில் இவர்கள் காட்டும் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. புறப்படும் முன், சட்டைப் பைகளை உட்புறம் வெளியே திருப்பி, ஒட்டும் பட்டிகளின் இழைகளுக்குள் சிக்கிய புல்விதைகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சறுக்குவண்டி இழுத்த நாய்களைக் கூட 1994ஆம் ஆண்டோடு கண்டத்திலிருந்து அகற்றிவிட்டார்கள். குப்பைகள் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலில் திரும்பிப் போகின்றன. வெளிக்கள முகாம்களில் மனிதக் கழிவும் கூட அப்படியே. அக்கா அனுப்பிய கறித்தூளுக்குத் தடை இல்லை. அரைத்து வறுத்த தூள் முளைக்காதல்லவா! சமையற்காரர் அதை நன்றாக விரும்பிவிட்டார், இப்போது எனக்கே மிச்சம் குறைவு.

வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வருவதற்கு முன்பே இரத்தம், இருதயம், பல் எல்லாம் பரிசோதித்துத்தான் அனுப்புகிறார்கள். கோடையில் 3,800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிறைஸ்ட்சேர்ச்சுக்கு விமானம் உண்டு; காலநிலை கெட்டால் பாதி வழியில் திரும்பிவிடும். 1961இல் சோவியத் தளமொன்றில் இருந்த ஒரே வைத்தியரான லியொனிட் ரொகொசொவ், தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்துப் பிழைத்தார். இப்போது அந்த நிலைமை இல்லை, அக்கா பயப்பட வேண்டாம்.

உல்லாசப் பயணிகள் வரலாமா என்றால், வரலாம். பெரும்பாலும் ஆர்ஜென்டீனாவின் தென்முனையிலிருந்து கப்பலில் குடாநாட்டுப் பக்கம் போகிறார்கள். செலவை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

மருமகள் தன் புவியியல் பாடத்துக்காக, இலங்கைக்கும் அந்தாட்டிக்காவுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டது நல்ல கேள்வி. கொண்ட்வானா என்ற பெருங்கண்டத்தில் இலங்கை அந்தாட்டிக்காவை ஒட்டியே இருந்தது; எங்கள் மலைநாட்டுப் பாறைகளும் இங்கே கிழக்குப் பகுதியிலுள்ள லுட்சோ ஹோல்ம் குடாப் பாறைகளும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மலையாக்கத்தில் வெந்து உருமாறியவை. யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பெருமை இல்லை. நமது சுண்ணக்கல் வெகு காலத்துக்குப் பின், மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது.

கடைசியாக, இந்தப் பனி உருகினால் யாழ்ப்பாணம் தாழுமா என்று அத்தான் கேட்டது. உலகின் நன்னீரில் பாதிக்கு மேல் இங்கே உறைந்திருக்கிறது. அத்தனையும் உருகினால் கடல் 58 மீற்றர் உயரும். அது நாளைக்கோ நமது காலத்திலோ நடக்கப் போவதில்லை. நான் நிற்கும் இடத்துக்குத் தெற்கே, பிரான்ஸ் அளவு பரந்திருக்கும் றொஸ் பனித்தட்டு உருகினாலும், ஏற்கனவே மிதப்பதால் அது மட்டத்தை அவ்வளவாக உயர்த்தாது. ஆனால் அது விலகினால், பின்னாலுள்ள நிலத்துப் பனியாறுகளைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போகும், அவை வேகமெடுத்துக் கடலுக்குள் வரும். மேற்குப் பகுதியில் துவெய்ட்ஸ் என்ற ஒரு பனியாறு மட்டுமே கடலை அரை மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடியது. இன்னொன்றை இங்கே ஓர் ஆய்வாளர் எனக்கு விளக்கினார். இவ்வளவு பெரிய பனித்திணிவு சுற்றியுள்ள கடல்நீரைத் தன் ஈர்ப்பால் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைய அந்த ஈர்ப்பும் தளர்வதால், உருகும் இடத்துக்கு அருகே கடல் தாழ்ந்து, நம்மைப் போல் தொலைவில் இருப்பவர்களின் கரையில் சராசரியை விடக் கூடுதலாக உயர்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி பத்து மீற்றர் உயரம் கூட இல்லை. ஆனால் நிலம் தாழ்வதற்கு வெகு முன்பே நமக்குச் சேதம் வரும்: கடல் சிறிது ஏறினாலும், சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கும் நன்னீர்ப் படலம் மெலிந்து, தீவுப்பகுதிக் கிணறுகள் முதலில் உவர்க்கும். அதனால் பின்வளவுக் கிணற்றுக்கு பெரிய மோட்டர் போடும் யோசனையை அத்தான் தயவுசெய்து கைவிட வேண்டும். இறைப்பு கூடினால் உப்பு இன்னும் கெதியாக மேலே வரும்.

மருமகள் கேட்ட படங்களைத் தனியாக அனுப்புகிறேன். மாசி முடிவில் கிறைஸ்ட்சேர்ச் திரும்பியதும் கதைக்கிறேன். ஒடியல் அனுப்புவதானால் அந்த முகவரிக்கே அனுப்புங்கள், பொதியின் மேல் உள்ளே இருப்பதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

இங்ஙனம்,
அன்புத் தம்பி