எல்கேஜி, யூகேஜி அம்மாக்களுக்கு, முக்கியமா மாசமா இருக்குறவங்களுக்கு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்,

இது ஃபீஸ் மெசேஜ் இல்ல, தைரியமா படிங்க. சின்ன கிளாஸ் அம்மாக்கள்ல சிலபேர் இப்ப மாசமா இருக்கீங்க, ரொம்ப சந்தோஷம், உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும்தான் இந்த லெட்டர்.

சாயங்காலம் ஸ்கூல் கேட் கிட்டயே டிபன் பாக்ஸ தொறந்து, புள்ள மிச்சம் வச்ச இட்லிய கொட்ட மனசில்லாம வாய்ல போட்டுக்குற அம்மாக்கள நான் தினமும் பாக்குறேன். மாசமா இருக்கும்போது அது வேணாம்மா. சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமா சிஎம்வின்னு ஒண்ணு இருக்கு, சின்ன புள்ளைங்க எச்சில்லயும் யூரின்லயும் மாசக்கணக்கா வந்துகிட்டே இருக்கும், புள்ள என்னமோ நல்லா ஓடியாடிகிட்டுதான் இருக்கும், காய்ச்சல் கூட இருக்காது, ஆனா வயித்துல இருக்குற குழந்தைக்கு தொத்துச்சுன்னா சிலதுக்கு காது கேக்காம போயிடும், அதுவும் பொறந்தப்ப நல்லா இருந்துட்டு வளர வளர கூட தெரிய வரலாம். தொத்தினாலும் நெறைய குழந்தைங்க நல்லாவே பொறக்குது, அதனால பயந்து தூக்கம் கெடுத்துக்காதீங்க. சின்ன வயசுலயே நமக்கு வந்து போயிருந்தாலும் வேற வகை மறுபடி தொத்தலாம், தடுப்பூசியும் இன்னும் வரல, நம்ம கையில இருக்குறது சோப்புதான்.

மூக்கு தொடச்சுவிட்டா, ஜட்டி மாத்திவிட்டா சோப்பு போட்டு கைய 20 செகண்டாவது கழுவுங்க. ஒரே ஸ்பூன், ஒரே வாட்டர் பாட்டில் வேணாம், முத்தம் நெத்தில குடுங்க, புள்ளைய தள்ளி வைக்கவெல்லாம் நான் சொல்லல. டிபன் பாக்ஸ் கழுவுறது கொஞ்ச நாள் அப்பா வேலையா இருக்கட்டும் (தெரியாதுன்னு சொல்ற அப்பாக்கள நான் நம்பமாட்டேன்).

2017 பிப்ரவரில ஸ்கூல் ஸ்கூலா போட்டாங்களே எம்ஆர் ஊசி, அதுல ஆர்ங்கறது ருபெல்லா, உடம்புல தடிப்பு வர்ற ஒரு வைரஸ் நோய். மாசமான முதல் மூணு மாசத்துல அது வந்தா குழந்தையோட கண்ணு, காது, இதயம் எல்லாத்தையும் பாதிக்கலாம், ஆனா அந்த ஊசிய மாசமா இருக்குறப்ப போடமாட்டாங்க. அதனால புள்ளைகிட்டருந்து உங்களுக்கு தொத்தாம இருக்க, வீட்ல இருக்குற புள்ளைக்கு 9 மாசத்துலயும் ஒன்றரை வயசுலயும் போட்டாச்சான்னு கார்ட எடுத்து பாத்துக்கோங்க.

சின்னம்மை வந்தா, தலைக்கு தண்ணி ஊத்தியாச்சு மிஸ்ஸுன்னு மறுநாளே கூட்டிட்டு வராதீங்க, கொப்புளம் எல்லாம் காஞ்சு பொருக்கு தட்டினப்புறம் வந்தா போதும், அட்டெண்டன்ஸ நான் பாத்துக்குறேன். அம்மை போட்ட புள்ளைகிட்ட மாசமா இருக்குற அம்மா பழகியிருந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே டாக்டர பாருங்க. வீட்ல யாருக்கு அம்மை, தடிப்பு வந்தாலும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, புள்ள பேர் சொல்லாம மத்த அம்மாக்களுக்கு தகவல் மட்டும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை