எந்தப் பிரதியைப் பார்த்து மதிப்பெண் போட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய பேய்ப் படங்களுக்கு ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட்டு வெளியிட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவானால் பழைய பேய்ப் படம்தான். அண்ணன் குடும்பமும் வந்துவிடும். படம் முடிந்ததும் ஆளுக்கொரு மதிப்பெண் சொல்லி வாக்குவாதம் செய்யாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. அதனால் உங்கள் பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தோம். 1922இல் வந்த 'நோஸ்பெராட்டு'வுக்கு ஒன்றரை நட்சத்திரம் என்றதும் அண்ணிக்குக் கோபமே வந்துவிட்டது. ரத்தம் குடிக்கும் பிரபு பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறார், இதைப் பார்த்து யார் பயப்படுவார்கள் என்று கட்டுரையாளர் கேட்கிறார்.

அது பகல் இல்லை ஐயா, நடுராத்திரி. அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு இருட்டில் படம் பிடிக்கும் திறன் கிடையாது. அதனால் இயக்குநர் முர்னாவ் இரவுக் காட்சிகளையும் வெயிலில்தான் எடுத்தார். பிறகு சுருளுக்கே சாயம் ஏற்றினார்கள். இரவுக்கு நீலம், விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. சாயமில்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியில் அந்த நீல இரவெல்லாம் வெயிலாகிவிடுகிறது. அதோடு கதையும் கெடுகிறது. கடைசியில் ஆர்லாக் பிரபுவைக் கொல்வதே சூரிய வெளிச்சம்தான். படம் முழுக்க வெயிலில் நடமாடியவர் முடிவில் மட்டும் வெயில் பட்டு ஏன் சாகவேண்டும்?

இந்தப் படத்துக்கு நல்ல பிரதி அபூர்வமானதற்குக் காரணம் உண்டு. 'டிராகுலா' நாவலை அனுமதி இல்லாமல் எடுத்தார்கள் என்று பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கங்கே தப்பியவைதான் மிச்சம். அவற்றை ஒட்டியும் வெட்டியும் ஓட்டியதில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டிய படம் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டியதுமே முடிந்துவிடும் பிரதிகளும் சுற்றுகின்றன. ஊமைப் படத்தைப் பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அந்தச் சிரிப்புக்கு முர்னாவின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமா?

1931இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' விஷயமும் இப்படித்தான். ஏரிக்கரையில் ஒரு சிறுமி, அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃபின் கையில் பூக்களைக் கொடுத்து, தண்ணீரில் மிதக்கவிடக் கற்றுக்கொடுக்கிறாள். பூ தீர்ந்துபோகிறது. அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறான். பிறகு தவித்துப்போய்க் கைகளைப் பிசைகிறான். அவன் கை அவளை நோக்கி நீளும் இடத்திலேயே தணிக்கைக்காரர்கள் வெட்டிவிட்டார்கள். அடுத்து நாம் பார்ப்பது அப்பா கையில் செத்த குழந்தையை. நடுவில் என்ன நடந்ததோ என்று மனசு எதையெதையோ கற்பனை செய்கிறது. 1980களில் அந்தத் துண்டைத் திரும்பச் சேர்த்தார்கள். "காரணமில்லாத கொடூரம்" என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் பார்த்தால், வெட்டுப்பட்ட பிரதியைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

வெட்டுப்பட்ட படம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் இந்திய வம்சாவளி ஆட்கள் பயாஸ்கோப் பார்க்கப் போவது கிரே தெருவுக்கும் (இன்று டாக்டர் யூசுஃப் டாடூ தெரு) அதைச் சுற்றியிருந்த கொட்டகைகளுக்கும்தான். ஷாஜகான், அவலான், ராஜ், நாஸ். இந்த நாட்டுக்கு டெலிவிஷன் வந்ததே 1976இல்தான், அதுவரை இதை விட்டால் வேறு வழியில்லை. ஒரு படத்தை இன்ன இனத்தார் பார்க்கலாம், இன்னார் கூடாது என்று நிபந்தனை போடவே தணிக்கைச் சட்டத்தில் இடம் இருந்தது. அப்பா தான் பார்த்த பேய்ப் படங்களைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் எது முழுசு, எது பாதி என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. எதை வெட்டினோம் என்று யாரும் போஸ்டரில் எழுதவில்லையே. இன்று முழுப் பிரதி கைக்கு எட்டுகிறது. அதை விட்டுவிட்டு அரைகுறையை வைத்துத் தீர்ப்பு எழுதினால் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, நம்முடைய படங்களுக்கு வருகிறேன். 'அதே கண்கள்' படத்துக்கு நான்கு நட்சத்திரம், மிகச் சரி. அது பேய்ப் படம் என்பதைவிடத் துப்பறியும் படம், இருக்கட்டும். ஆனால் 1966இல் வந்த 'யார் நீ?' படத்தைப் பாட்டுகளை நீக்கிய பிரதியில் பார்த்ததாகவும், அதனால் நேரம் மிச்சம் என்றும் எழுதியிருக்கிறார். "நானே வருவேன்" இல்லாத 'யார் நீ?' படத்தில் பேய் எங்கே இருக்கிறது? அந்தப் படத்தில் பயமுறுத்துவது சுசீலாவின் குரல்தான். இந்தியில் 1949இலேயே 'மகல்' படம் இதைச் செய்து காட்டிவிட்டது. "ஆயேகா ஆனேவாலா" பாட்டைப் பதிவு செய்யும்போது, தூரத்திலிருந்து குரல் நெருங்கி வருவதுபோல் கேட்கவேண்டும் என்பதற்காக, தள்ளி நின்று பாடத் தொடங்கி மைக்கை நோக்கி நடந்து வந்ததாக லதா மங்கேஷ்கரே சொல்லியிருக்கிறார். இத்தனை பாடுபட்டு உண்டாக்கிய பயத்தை நேரம் மிச்சம் என்று வெட்டி எறிந்துவிட்டு, படத்தில் பயமே இல்லை என்றால் எப்படி?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எங்கள் நாட்டில் படத்துக்கு வயது வரம்பு போடும்போது, திகில் காட்சி இருந்தால் பக்கத்தில் 'ஹெச்' என்று ஒரே ஓர் எழுத்து போடுவார்கள். நீங்களும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி போடுங்கள்: பார்த்த பிரதி எத்தனை நிமிஷம், சாயம் உண்டா, பாட்டுகள் முழுசாக இருக்கின்றனவா. அடுத்த மாதம் தமிழ்ப் பேய்ப் படங்கள் மட்டும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 'நெஞ்சம் மறப்பதில்லை' படமும் 'ஆயிரம் ஜென்மங்கள்' படமும் அதில் கட்டாயம் இருக்கும். இரண்டையும் பாட்டோடு, முழு நீளத்தில் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்