சாட்சிக் கையெழுத்தைப் பார்

அன்பு மகளுக்கு,

மும்பையில் நிருபராகக் குற்றச் செய்திகளோடு இனிப் பாதுகாப்புத் துறையையும் நீயே கவனிக்கப் போவதாகப் போனில் சொன்னாய். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. எனக்கும் பயம்தான். ஆனால் வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை.

மும்பை நிழலுலகை ஜே. டே அளவுக்கு அறிந்த நிருபர்கள் குறைவு. அவரையே 2011 ஜூன் 11 அன்று பவாயில் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலையை ஏவிய தாதா சோட்டா ராஜனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2018 மே மாதத்தில்தான். டேயைப் பற்றிய விவரங்களை ராஜனுக்குக் கொடுத்ததாக ஜிக்னா வோரா என்ற பெண் நிருபரையும் அந்த வழக்கில் சேர்த்தார்கள். சிறைக்குப் போய், ஜாமீனில் வந்து, கைதாகி ஆறரை ஆண்டு கழித்துத்தான் குற்றமற்றவர் என்று விடுதலையானார். எனக்கு அவர் கதைதான் அதிகம் உறுத்துகிறது. தாதாக்களோடு பேசுவது உங்கள் வேலையில் சகஜம் அல்லவா?

போனில் தகவல் சொல்கிற எவருக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும், அது போலீஸானாலும் சரி, எதிர்க் கும்பலானாலும் சரி. கேட்டுக்கொள், ஆனால் நிலம் பற்றிய செய்தியைப் பத்திரத்தைப் பார்க்காமல் எழுதாதே. சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் கண்டது இதுதான்: மிரட்டி எழுதி வாங்கிய நிலம் முதலில் பொது அதிகாரப் பத்திரமாக (பவர்) வரும், சில வாரங்களில் கிரயமாகும், பிறகு முன்பின் தெரியாத ஒருவர் பெயருக்குப் போகும். வாங்குபவர் மாறிக்கொண்டே இருப்பார். சாட்சி போடும் இருவர் மட்டும் மாறமாட்டார்கள், நம்பிக்கையான ஆள் கும்பலுக்கும் எளிதில் கிடைப்பதில்லை! அதனால் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதே. மனுப் போட்டுப் பத்திர நகலையே வாங்கிச் சாட்சிக் கையெழுத்து இருக்கும் கடைசிப் பக்கத்தைப் பார்.

பாதுகாப்புத் துறைக் காகிதம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2002இல் டெல்லியில் இஃப்திகார் கிலானி என்ற நிருபரை அரசு இரகசியச் சட்டத்தில் கைது செய்தார்கள். அவர் கணினியில் இருந்ததோ யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஆவணம். வழக்கைத் திரும்பப் பெறுவதற்குள் ஏழு மாதம் சிறையில் போய்விட்டது. எந்தத் தாள் எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று அன்றன்றே குறித்து வை. யாரைச் சந்திக்கப் போனாலும் உன் ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடு.

அடுத்த மாதம் வரும்போது, நீ துருவிக்கொண்டிருக்கும் அந்த நிலத்தின் பத்திர நகல்களை எடுத்து வா. எனக்கு மராத்தி வராது. நீ படித்துச் சொல். சாட்சிகளின் பெயர்களை நான் பட்டியல் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா